கணினி வேலையும் கழுத்து வலியும்: நாற்காலி, மேசை, திரை அமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வீட்டிலிருந்தபடி தமிழ்த் தட்டச்சும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறவன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒரு நாள் விடியற்காலை வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போய் விழித்துக்கொண்டேன். கையை உதறி உதறி உணர்வு திரும்பக் கால் மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு இன்ச் டேப்பைக் கையில் எடுத்தவன் வீட்டில் மேசை, நாற்காலி எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டேன். மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சொன்னதைக் கேட்டு, படித்து, ஒவ்வொன்றாக மாற்றி வந்ததில் கை சரியாயிற்று. அதற்குப் பிறகு உறவிலும் நட்பிலும் பலர் கேட்ட கேள்விகளையும், அவர்களுக்குச் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? நல்ல சேர் ஒன்று வாங்கினால் போதாதா?

சேர் வாங்கக் கடைக்குப் போகும் முன்பு உங்கள் முழங்கை உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படியும்படி ஒரு நாற்காலியில் உட்காருங்கள். தோள்களைத் தளர விடுங்கள். மேற்கை உடம்பை ஒட்டித் தொங்கட்டும்; முழங்கையை மட்டும் மடக்குங்கள். இப்போது தரையிலிருந்து முழங்கை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் கீபோர்டு இருக்க வேண்டிய உயரம் அதுதான். ஓரிரு சென்டிமீட்டர் குறைந்தால் பரவாயில்லை, கூடக் கூடாது.

ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்கு இந்த அளவு ஏறக்குறைய 60 செ.மீ. வரும். ஐந்தே முக்கால் அடி இருப்பவருக்கும் 70ஐ ஒட்டித்தான் இருக்கும். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் கடையில் விற்கும் பெரும்பாலான கம்ப்யூட்டர் டேபிளும் 75 செ.மீ., அதாவது ஏறக்குறைய 30 அங்குலம். ஐந்தடி உயரப் பெண் ஒருவர் அந்த மேசையில் தட்டச்சு செய்தால் கீபோர்டு அவருடைய முழங்கைக்கு 15 செ.மீ. மேலே இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்குக் கையைத் தூக்க வேண்டுமென்றால் தோளும் சேர்ந்து காதை நோக்கி ஏறும். எட்டு மணி நேரம் தோளைத் தூக்கியே வைத்திருந்தால் சாயங்காலம் கழுத்து கடுக்காமல் என்ன செய்யும்? கழுத்து வலிக்குத் தலையணையை மாற்றிப் பார்க்கிறவர்கள் முதலில் இதை அளந்து பார்க்க வேண்டும்.

அளவு தெரிந்த பிறகு வரிசை எளிது. முழங்கைக்குக் கீபோர்டு, பாதத்துக்குத் தரை அல்லது கால்பலகை, இடுப்புக்குச் சாய்மானம், கடைசியாகக் கண்ணுக்குத் திரை. எல்லாரும் திரையிலிருந்து தொடங்குகிறார்கள். அப்புறம் நாற்காலியை உயர்த்தியதும் திரை மறுபடி தாழ்ந்துபோகிறது.

மேசை உயரம்தான். ஆனால் வேறு மேசை வாங்க வசதியில்லை. என்ன செய்ய?

மேசையைத் தாழ்த்த முடியாதபோது நாம் உயர வேண்டும். பவானி ஜமக்காளம் போன்ற தடித்த விரிப்பை நான்காய் எட்டாய் மடித்து நாற்காலியில் போடுங்கள். இலவம்பஞ்சுத் தலையணை வேண்டாம். உட்கார்ந்ததும் அமுங்கிவிடும், ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் சரியும். உயரம் எவ்வளவு கூடியதோ அதே அளவு காலுக்கும் கீழே ஏதாவது வைத்தாக வேண்டும். மூலையில் கிடக்கும் மணைப்பலகை இதற்கு அருமையாகப் பொருந்தும். போதவில்லை என்றால் பழைய செய்தித்தாள் கட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி அதன் மேல் பலகையை வையுங்கள். நாற்காலிக் காலுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்துவதை மட்டும் செய்யாதீர்கள். பின்னால் சாய்கிற ஒரு கணத்தில் கவிழ்ந்துவிடும்.

மேசை மர மேசையாக இருந்து, நீங்கள் ஒருவரே அதைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் தச்சரை அழைத்து நான்கு காலையும் அறுத்துவிடலாம். நான் அதைத்தான் செய்தேன். அரை மணி நேர வேலை. அம்மாவுக்கு மனசே இல்லை. இப்போது அவர்தான் அதில் உட்கார்ந்து காய் நறுக்குகிறார், தோள் வலிக்கவில்லையாம்.

நாற்காலியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் எனக்கு வசதியாக இருக்கிறது. தப்பா?

கொஞ்ச நேரம் உட்காருவதில் தப்பில்லை. ஆனால் எப்போதும் அப்படித்தான் உட்காருகிறீர்கள் என்றால் உங்கள் நாற்காலி உங்களுக்கு உயரம் என்று அர்த்தம். பாதம் தரையில் சரியாகப் படியாவிட்டால் தொடையின் அடிப்பகுதி இருக்கையின் விளிம்பில் அழுந்தும், கெண்டைக்கால் கனக்கும். அந்தக் கனம் தாங்காமல் உடம்பு தானாகவே காலை மேலே இழுத்துக்கொள்கிறது. ஒரு கால்பலகை வைத்துப் பாருங்கள், மடக்கும் பழக்கம் பாதி குறைந்துவிடும்.

இருக்கையின் ஆழத்தையும் பாருங்கள். முதுகு சாய்மானத்தைத் தொடும்படி நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால், இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைகிற இடம் வேண்டும். இடமே இல்லையென்றால் நீங்கள் எப்போதும் முன்னால் நகர்ந்து உட்காருவீர்கள். சாய்மானம் இருந்தும் இல்லாத கதைதான். அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த குஷன் வைத்து ஆழத்தைக் குறைக்க வேண்டும்.

முதுகை ஆணி அடித்தாற்போல் நிமிர்த்தி உட்கார வேண்டும் என்கிறார்களே?

முடியாது, தேவையும் இல்லை. பத்து நிமிடம் இராணுவ வீரர்போல் உட்கார்ந்துவிட்டு அடுத்த ஒரு மணி நேரம் கூனிக் கிடப்பதால் பயனில்லை. சாய்மானம் சற்றே பின்னால், 100 முதல் 110 டிகிரி வரை சாய்ந்திருந்தால் மேலுடம்பின் பாரத்தில் ஒரு பகுதியை நாற்காலி வாங்கிக்கொள்ளும். கீழ்முதுகில் உள்நோக்கி ஒரு வளைவு இருக்கிறது அல்லவா, அந்த இடத்துக்கு ஒரு தாங்கல் வேண்டும். குளியல் துண்டை இறுக்கமாகச் சுருட்டி, பெல்ட் கட்டும் உயரத்துக்கு ஒட்டினாற்போல் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே வையுங்கள். விலையுயர்ந்த சேரில் இருக்கிற அந்தப் புடைப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

என்னிடம் லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதுதான் சிக்கல். கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கண் கீழே குனிய வேண்டும். கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கை மேலே போகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் உயரம் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால் கழுத்தும் கெடும், தோளும் கெடும். தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் தனிக் கீபோர்டும் தனி மவுஸும் கட்டாயம் வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் பணம் செலவழிக்கச் சொல்கிற ஒரே இடம் இதுதான். சாதாரண யுஎஸ்பி கீபோர்டு போதும்.

லேப்டாப்பை உயர்த்த ஸ்டாண்டு வாங்க வேண்டிய அவசியமில்லை. தாள் சுற்றிய செங்கல், தடித்த அகராதிகள், கவிழ்த்த எவர்சில்வர் டப்பா, எது ஆடாமல் நிற்குமோ அது. அடியில் காற்று போகும் துளைகளை மட்டும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலை குனிவதை அவ்வளவு பெரிதாகச் சொல்வானேன் என்று கேட்பவர்கள் உண்டு. நம் தலை ஏறக்குறைய 5 கிலோ. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து அரை மைல் நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் நிற்க முடியாது. தலை முதுகெலும்புக்கு நேர் மேலே இருக்கும்போது இடுப்புக் குடம். முன்னால் குனியக் குனிய, கழுத்தின் பின்புறத் தசைகள் நீட்டிய கையைப்போல் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

திரை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்?

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே. தூரம் 50 முதல் 100 செ.மீ. வரை. கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொட வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். திரை உங்களுக்கு நேர் எதிரே இருக்கட்டும். ஒரு பக்கமாக வைத்துக் கழுத்தைத் திருப்பிப் பார்க்காதீர்கள்.

ஆனால் தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு எழுத்தளவும் முக்கியம். சின்ன எழுத்தில் ன, ண, ள மூன்றும் ஒரே சுழியாகத் தெரியும். புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மூக்கைத் திரைக்கருகே கொண்டுபோவோம். நான் மெய்ப்புப் பார்க்கும்போது நாற்காலி, மேசை எல்லாம் சரியாக வைத்தும் கழுத்து வலி போகவில்லை. பார்த்தால் எழுத்து 11 புள்ளி அளவில் இருந்திருக்கிறது. திரையில் 150 விழுக்காடு பெரிதாக்கினேன், முதுகு தானாகச் சாய்மானத்துக்குப் போய்விட்டது. அச்சுக்கு எந்த அளவு வேண்டுமோ அது அப்படியே இருக்கட்டும். பார்ப்பதைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டுத்தான் திரையைப் பார்க்கிறேன்.

மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை என்று இரட்டை வில்லையோ படிப்படியாக மாறும் வில்லையோ போட்டிருந்தால், மேலே சொன்ன உயரம் உங்களுக்குப் பொருந்தாது. கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே திரையைப் பார்க்க நீங்கள் மோவாயைத் தூக்குவீர்கள், பிடரி மடங்கும். திரையை நன்றாகத் தாழ்த்தி, மேல்பக்கம் சற்றுப் பின்னால் சாயும்படி வையுங்கள். இன்னும் நல்லது, உங்கள் திரைத் தூரத்தை அளந்துகொண்டுபோய்க் கண் மருத்துவரிடம் சொல்லி, அந்தத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி எழுதி வாங்குவது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கழுத்து வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கண்ணாடியைப் பற்றித்தான் கேட்கிறேன்.

கீபோர்டின் பின்னால் இருக்கும் சின்னக் கால்களை விரித்து வைக்கலாமா?

மடக்கியே வையுங்கள். விரித்தால் கீபோர்டின் பின்புறம் உயர்ந்து மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். முன்கையும் புறங்கையும் ஒரே நேர்கோட்டில் இருப்பதுதான் மணிக்கட்டுக்கு நல்லது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. எண் விசைகள் சேர்ந்த கீபோர்டை மேசையின் நடுவில் வைத்தால், எழுத்து விசைகள் எல்லாம் உங்களுக்கு இடப்புறமாகத் தள்ளிப்போகும். எழுத்துப் பகுதியின் நடு உங்கள் தொப்புளுக்கு நேராக வரும்படி நகர்த்துங்கள். நாள் முழுக்க டேலி போன்ற கணக்கு மென்பொருளில் தொகை போடுகிற கணக்கர்கள் இதற்கு விலக்கு. அவர்களுக்கு எண் விசைகள் வலது தோளுக்கு நேராக இருக்க வேண்டும்.

தமிழில் நிறைய அடிக்க வேண்டியிருக்கிறது. விசைப்பலகை முறையை மாற்றினால் கைக்கு உதவுமா?

உதவும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்கும் முறையில் ‘வணக்கம்’ என்று அடிக்க 8 எழுத்து, கூடவே ணகரத்துக்கு ஷிஃப்ட். தமிழ்99 முறையில் அதே சொல்லுக்கு 6 தட்டல்தான். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங்க, ஞ்ச, ந்த, ம்ப போன்ற இணைகளுக்கும் அப்படியே. ஒரு நாளைக்கு 5,000 சொல் அடிக்கிறவருக்கு இது எத்தனை ஆயிரம் தட்டல் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிரெழுத்து எல்லாம் இடது கையில், மெய்யில் பெரும்பாலானவை வலது கையில். அதனால் உயிர்மெய் அடிக்கும்போது இரண்டு கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன, ஒரு கைக்கு வேலை நடக்கும்போது மற்றதற்குக் கண நேர ஓய்வு. அ, இ, உ மூன்றும் இடக்கை விரல்கள் இயல்பாக ஓய்ந்திருக்கும் வரிசையிலேயே இருக்கின்றன. க, ப, ம, த, ந வலக்கைக்கு அதே வரிசையில். பழகும் முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். அந்த நாட்களில் அவசர வேலை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மவுஸ் பிடிக்கிற கை வலிக்கிறது. இடது கைக்கு மாற்றிக்கொள்ளட்டுமா?

மாற்றலாம், ஆனால் அதற்கு முன் மவுஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கீபோர்டுக்கு ஒட்டி, அதே மட்டத்தில் இருக்க வேண்டும். முழங்கை விலாவை விட்டு விலகிப்போகிறது என்றால் மவுஸ் எட்டாத தூரத்தில் இருக்கிறது. எண் விசைகள் தேவைப்படாதவர்கள் அவை இல்லாத குட்டைக் கீபோர்டு வாங்கினால் மவுஸ் பத்து சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே வந்துவிடும். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு கையை மட்டும் இடமும் வலமும் ஆட்டாமல், முன்கை முழுவதையும் நகர்த்தப் பழகுங்கள். சுட்டியின் வேகத்தை அமைப்பில் சற்றுக் கூட்டினால் கை நகரும் தூரமே குறையும்.

இடது கைக்கு மாற்றுவது பற்றி ஒரு பழைய செய்தி. தொழில்நோய் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தர்களின் நோய்களைப் பற்றி எழுதினார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பது, கணக்கில் பிழை வந்துவிடுமோ என்ற மன அழுத்தம், இந்த மூன்றையும் காரணமாகச் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஓர் எழுத்தருக்கு வலது கை செயலற்றுப்போயிற்று. அவர் விடாமுயற்சியாக இடது கையால் எழுதக் கற்றார். சில காலத்தில் அந்தக் கைக்கும் அதே நோய் வந்தது. இறகு எழுதுகோல் காலத்து நிகழ்ச்சிதான். ஆனால் வேலையின் அளவும் முறையும் மாறாமல் கையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் படித்ததில்லை.

விரல் மரத்துப்போகிறது. கார்பல் டனலா?

எந்த விரல் என்று பாருங்கள். மணிக்கட்டின் உள்ளே எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே குறுகிய வழி ஒன்று இருக்கிறது; அதுதான் கார்பல் டனல். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகத்தான் போகின்றன. வழி நெருக்கமானால் நரம்பு நசுங்கும். அந்த நரம்பு போவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. எனக்கு மரத்தது அங்கேதான். தூக்கத்தில் மரத்து எழுப்புவது இதன் முக்கிய அடையாளம்.

சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் அது வேறு நரம்பு. பெரும்பாலும் முழங்கையில் அழுத்தம். முழங்கையை மேசையின் கூரான விளிம்பிலோ கடினமான கைப்பிடியிலோ ஊன்றி வைக்கும் பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா விரலும் மரத்து, கழுத்தைத் திருப்பும்போது கூடினால் கழுத்திலிருந்து வரலாம்.

தட்டச்சு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, கர்ப்பம் ஆகியவற்றாலும் மணிக்கட்டு நரம்பு நசுங்கும். இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் மறுக்காதீர்கள். ஆரம்ப நிலையில் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டித் தூங்குவதே பலருக்கு நல்ல பலன் தருகிறது.

தாளைப் பார்த்து அடிக்கும் வேலை. தாளை எங்கே வைப்பது?

மேசையில் படுக்கையாக வைக்காதீர்கள். பிள்ளைகளின் பரீட்சை அட்டையில் செருகி, திரைக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் சாய்த்து வையுங்கள். கண் பெரும்பாலும் தாளிலேயே இருக்கிறது என்றால் தாள் நேர் எதிரிலும் திரை சற்றுப் பக்கத்திலும் இருக்கட்டும்.

சாயங்காலம் கண் எரிகிறது, மணல் விழுந்தாற்போல் இருக்கிறது.

சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை போலக் கண் சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். கண்ணீர்ப் படலம் காய்கிறது. அதோடு நம் ஊர் வெயிலுக்கு மின்விசிறியை ஐந்தில் வைத்து நேர் கீழே உட்காருகிறோம், அல்லது ஏசியின் காற்று முகத்தில் அடிக்கிறது. மேசையை விசிறிக்கு நேர் கீழிருந்து நகர்த்துங்கள். ஏசியின் காற்றை மேலே திருப்புங்கள். திரை கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதிலும் ஒரு நன்மை உண்டு: பார்வை தாழும்போது இமையும் தாழ்ந்து, காற்று படும் பரப்பு குறைகிறது.

ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் கண் கூசும், பின்னால் இருந்தால் திரையில் பளபளக்கும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 நொடி பாருங்கள். எதிர்வீட்டு முருங்கை மரம் எனக்கு அதற்குத்தான் உதவுகிறது.

தரையில் உட்கார்ந்து வேலை செய்யலாமா? நம் முன்னோர் அப்படித்தானே கணக்கு எழுதினார்கள்?

எழுதினார்கள், ஆனால் வெறுந்தரையில் மடிமேல் வைத்து எழுதவில்லை. சுவரோரம் திண்டு, முன்னால் சாய்வுப் பெட்டி, எதிரே யாராவது வந்தால் எழுந்து நடமாட்டம். லேப்டாப்பை மடியில் வைத்துக் கட்டிலில் சாய்ந்துகொள்வதையும் அதையும் ஒன்றாகச் சொல்ல முடியாது. தரையில்தான் உட்காருவேன் என்றால் பிருஷ்டத்துக்குக் கீழே மடித்த போர்வை போட்டு இடுப்பை முழங்காலைவிட உயர்த்துங்கள். அப்போதுதான் கீழ்முதுகு கூனாது. முதுகுக்குச் சுவர், முன்னால் உங்கள் முழங்கை உயரத்துக்குக் குட்டை மேசை. அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

நின்றுகொண்டே வேலை செய்யும் மேசை வாங்கலாமா?

மாற்றி மாற்றி நிற்கவும் உட்காரவும் முடிந்தால் நல்லது. நாள் முழுக்க நிற்பதற்கென்று வாங்காதீர்கள். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றவர்களின் கால் வீக்கமும் நரம்பு சுருட்டலும் எல்லாரும் பார்த்ததுதான். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. அவர்கள் போராடிப் பெற்ற நாற்காலியை நாம் தூக்கி எறிய வேண்டாம். போன் பேச, படிக்க என்று நிற்பதற்கு ஏற்ற வேலைகளை நின்று செய்யுங்கள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மட்டும் பேசாதீர்கள்.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை எழ வேண்டும்?

அரை மணிக்கு ஒரு முறை, ஒன்றிரண்டு நிமிடம். எவ்வளவு சரியாக அமைத்த இருக்கையும் அசையாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் உடம்பைக் கெடுக்கும். கைப்பேசியில் மணி வைத்தால் நான்காம் நாள் அணைத்துவிடுவோம். அதனால் நான் தண்ணீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு டம்ளர் மட்டும். தீர்ந்தால் சமையலறைப் பானைக்குப் போக வேண்டும். எழும்போது தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து ஐந்து நொடி, மோவாயை உள்ளிழுத்து ஐந்து நொடி. அவ்வளவு போதும்.

ஜெல் பட்டை, செங்குத்து மவுஸ், கேமிங் சேர், உட்காரும் பந்து?

கீபோர்டுக்கு முன்னால் மணிக்கட்டுக்கென்று வைக்கும் ஜெல் பட்டையில், அடிக்காமல் இருக்கும்போது மட்டும் கையை வைக்கலாம். அடிக்கும்போது ஊன்றினால் மணிக்கட்டைத்தான் அழுத்தும். கைகுலுக்குவதுபோல் பக்கவாட்டில் பிடிக்கும் செங்குத்து மவுஸ் சிலருக்கு நன்றாக உதவுகிறது. நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் பார்த்துவிட்டு வாங்குங்கள். கேமிங் சேர் பெரும்பாலும் பெரிய உடம்புக்கு ஏற்ற அளவில் வருகிறது. கடையில் கால் மணி நேரமாவது உட்கார்ந்து பார்க்காமல் எடுக்காதீர்கள். பந்து வேண்டாம்.

அலுவலகத்தில் இதையெல்லாம் எப்படிக் கேட்பது?

முதலில் மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். சிபியூவும் யுபிஎஸ்ஸும் கால் வைக்கும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் எல்லாரும் இடுப்பை முறுக்கி ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். அவற்றை ஓரமாகத் தள்ளி வைக்கச் சொல்வதற்கு யாருடைய அனுமதியும் பெரிதாக வேண்டியதில்லை. கீபோர்டு, கால்பலகை போன்றவற்றை நான்கைந்து பேராகச் சேர்ந்து, எழுத்தில், அளவுகளோடு கேளுங்கள். ‘முதுகு வலிக்கிறது’ என்பதைவிட ‘மேசை 75 செ.மீ., எனக்கு வேண்டியது 62’ என்ற வரிக்கு மதிப்பு அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் திரை முன் வேலை செய்வோருக்கென்று 1990இலேயே தனி நெறிமுறை வந்துவிட்டது. கண் பரிசோதனையும் இடைவேளையும் அங்கே முதலாளியின் கடமை. வெளிநாட்டுக் கிளைகள் உள்ள நிறுவனமென்றால் அங்குள்ளவர்களுக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் கேளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்?

மரத்துப்போதல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், இரவில் எழுப்பினால், டம்ளர் கையிலிருந்து நழுவினால், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால், வலி கழுத்திலிருந்து கைக்கோ இடுப்பிலிருந்து காலுக்கோ மின்சாரம்போல் ஓடினால் தள்ளிப்போடாதீர்கள். கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்து தெரிந்தால் நரம்பு வெகுநாளாக நசுங்கியிருக்கிறது என்று பொருள். முதுகு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலும், அடைத்துக்கொண்டு வராமல் நின்றாலும், தொடை இடுக்கில் உணர்வு குறைந்தாலும் அது அவசர சிகிச்சை. அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாம் மாற்றியாயிற்று. எத்தனை நாளில் குறையும்?

தோள் கடுப்பும் கழுத்துப் பிடிப்பும் ஓரிரு வாரத்தில் குறையத் தொடங்கும். முதல் சில நாள் புதிய இடங்களில் லேசாக வலித்தால் பயப்படாதீர்கள், உடம்பு பழகிக்கொள்கிறது. நரம்பு மெதுவாகத்தான் தேறும். எனக்குக் கை மரப்பது முழுதாக நிற்க நான்கு மாதம் ஆயிற்று. அதற்கிடையில் வேலை கூடிய வாரங்களில் இரண்டு முறை திரும்பி வந்தது. அப்போதெல்லாம் மறுபடி டேப்பை எடுத்து அளந்தேன். இரண்டு முறையும் ஜமக்காளத்தின் மடிப்பு நசுங்கி இருக்கை தாழ்ந்துபோயிருந்தது.